தராசு ஆஃப்ல இருந்தா ராம் கரையுது

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, கேமரா ரெக்கார்டர் பாக்ஸ் பண்றாங்க, உள்ள லினக்ஸ் ஓடுது, 1 ஜிபி ராம். கொண்டு போய் வச்ச இடத்துல எல்லாம் பதினோரு பன்னெண்டு நாள் நல்லா ஓடிட்டு அப்புறம் தொங்கிருது. ஓடுற ஒவ்வொரு ப்ரோக்ராமும், அதாவது ப்ராசஸும், எம்புட்டு ராம் எடுக்குதுன்னு காட்டுற டாப் கமாண்டைப் போட்டுப் பாத்தா எதுவும் பெருசா எடுத்த மாதிரி தெரியல, ஆனா ஃப்ரீ, அதாவது காலி ராம், மட்டும் நாளுக்கு நாள் குறையுது. இப்போதைக்கு ராத்திரி 2 மணிக்கு தானா ரீபூட் ஆகுற மாதிரி போட்டு சமாளிக்கிறாங்க. "அண்ணே, இது கெர்னல்ல லீக்கா, அப்படின்னா எங்கிட்டிருந்து தேட ஆரம்பிக்கிறது"ன்னு கேள்வி. கெர்னல்னா எல்லா ப்ராசஸுக்கும் ராமைப் பங்கு போட்டுக் குடுக்குற லினக்ஸோட மையப் பகுதி, லீக்னா வாங்குன ராமைத் திருப்பிக் குடுக்காம விடுறது.

ரீபூட்டுக்கு நான் திட்ட மாட்டேன், நானே ஆறு மாசம் அப்படித்தான் வண்டிய ஓட்டிருக்கேன். ஆனா ஆபீஸ்ல டேபிள் மேல இருக்குற ஒரு பாக்ஸ்லயாவது அந்த ரீபூட்டை எடுத்துருங்க, ஏன்னா தினம் ராத்திரி நீங்க தடயத்தை தண்ணி ஊத்தி கழுவிக்கிட்டு இருக்கீங்க, அப்புறம் காலைல வந்து எங்கடா ரத்தம்னு தேடுனா எங்கிட்டு கிடைக்கும்.

முதல்ல ஏன் டாப்ல தெரியலங்குறத சொல்லிர்றேன். எங்க மாமா செல்லூர்ல வாடகைப் பாத்திரக் கடை வச்சிருந்தாரு, அண்டா, குத்துச்சட்டி, ஜோட்டான், கரண்டின்னு எல்லாம் ரேக்குல சைஸ் வாரியா அடுக்கி இருக்கும். மண்டபத்துக்கு சரக்கு போச்சுன்னா, கல்யாண வீட்டுக்காரன் எத்தனை கரண்டிய மறந்தாலும் பிரச்சனை இல்ல, மண்டபம் காலி பண்றப்ப மேனேஜர் கதவை மூடி எல்லாத்தையும் எண்ணி ஏத்தி விட்டுருவாரு. சாதாரண ப்ராசஸ் அப்படித்தான், அது எம்புட்டு ஒழுக விட்டாலும் செத்த உடனே கெர்னல் வந்து மொத்தத்தையும் வாங்கி வச்சுக்கும். ஆனா கடையோட சொந்தப் பையனே சீட்டு எழுதாம ஒரு அண்டாவ எடுத்து எங்கயோ வச்சுட்டு மறந்துட்டான்னா? அவனுக்கு மேல மேனேஜர் கிடையாது, அந்த அண்டா கடையை இழுத்து மூடுற வரைக்கும் திரும்பி வராது. கெர்னல் லீக் அதுதான். எந்த ப்ராசஸ் கணக்குலயும் வராது, ப்ராசஸைக் கொன்னாலும் திரும்பாது. அதனாலதான் கடைசி நேரத்துல ஓஓஎம் கில்லர், அதாவது ராம் தீர்ந்தா ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்ற கெர்னல் வசதி, வந்து பாவம் ஒண்ணும் செய்யாத உங்க ரெக்கார்டர் ஆப்பைப் போட்டுத் தள்ளும், அது எந்திரிச்சு வரும், மறுபடி தள்ளும், கடைசில கொல்றதுக்கு ஆளே இல்லன்னு கெர்னலே பேனிக் ஆகும். லாக்ல கொல்லப்பட்டவன் பேரைப் பாத்துட்டு அவன்தான் திருடன்னு நினைக்கிறவங்க ரெம்பப் பேரு, நானும் நினைச்சேன், அந்தக் கதைக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி இது உண்மையிலேயே லீக்தானான்னு பாக்கணும், ஏன்னா பாதிப் பேரு சொல்ற கெர்னல் லீக் லீக்கே கிடையாது. ஃப்ரீ குறையுறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, லினக்ஸ் சும்மா கிடக்குற ராமை ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கத்தான் செய்யும், கேட்டா திருப்பிக் குடுத்துரும். பாக்க வேண்டியது, ராம் கணக்கைக் கெர்னல் காட்டுற மெம்இன்ஃபோ ஃபைல்ல மெம்அவைலபிள்னு ஒரு வரி, 2014ல வந்த 3.14 கெர்னல்ல இருந்து இருக்கு, அது குறைஞ்சுகிட்டே போனாத்தான் கவலை. அடுத்து டிஎம்பி ஃபோல்டர். நெறைய பாக்ஸ்ல அது டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ராம்லயே இருக்குற டிஸ்க், உங்க ரெக்கார்டர் தம்நெயில் படம், லாக்குன்னு எதையாவது அங்க எழுதி அழிக்காம விட்டா அது எந்த ப்ராசஸ் பேருலயும் வராம ராமைத் தின்னும், அச்சு அசலா கெர்னல் லீக் மாதிரியே இருக்கும். டிஸ்க் இடத்தைக் காட்டுற டிஎஃப் கமாண்ட் அடிச்சா இல்ல மெம்இன்ஃபோல எஸ்ஹெச்மெம் வரியப் பாத்தா பத்து செகண்டுல தெரிஞ்சுரும். இது தெரியாம ரெண்டு வாரம் டிரைவர் கோடை, அதாவது கருவிகளை ஓட்டுற கெர்னல் கோடை, படிச்ச ஒரு ஆளை எனக்குத் தெரியும், பேரு வேண்டாம். அதே மாதிரி இல்லாத ஃபைலை ஒரு ஆப் இருக்கா இருக்கான்னு தேடிக்கிட்டே இருந்தா, "இல்ல"ங்குற பதிலைக்கூட கெர்னல் டென்ட்ரின்னு ஞாபகம் வச்சுக்கும், அது லட்சக்கணக்குல ஏறும், ஆனா நெருக்கடி வந்தா விட்டுரும். அந்த ஞாபகத்தை விடச் சொல்ற ட்ராப் கேஷஸ்ங்குற கெர்னல் ஃபைல்ல 2 எழுதிப் பாருங்க, ராம் செலவு தடால்னு இறங்குச்சுன்னா அது லீக் இல்ல. இன்னொண்ணு, கேமரா பாக்ஸ்ல வீடியோ சிப்புக்குன்னு பூட் ஆகுறப்பவே ஒரு பங்கு ராமை ஒதுக்கி வச்சுருவாங்க, அதனால 1 ஜிபி போட்ட இடத்துல மெம்டோட்டல் 700 எம்பி காட்டலாம். அது ஒழுகல, முதல்லயே பாகம் பிரிச்சாச்சு, அவ்வளவுதான்.

இம்புட்டும் பாத்த பிறகும் மெம்அவைலபிள் இறங்குதுன்னா அப்பத்தான் வேலை ஆரம்பம். இங்கதான் எல்லாரும் ஒரே தப்பைப் பண்றாங்க, உடனே சோர்ஸ் கோடைத் தொறந்து எங்கடா கேஃப்ரீ, அதாவது வாங்குன ராமைத் திருப்பிக் குடுக்குற வரி, விட்டுப் போச்சுன்னு தேட உக்காந்துருவாங்க. கெர்னல் கோடு கோடிக்கணக்கான வரி தம்பி, அதுல கண்ணால தேடுறது வைகை ஆத்து மணல்ல மூக்குத்தி தேடுற கதை. யாரு எடுத்தாங்குறது அப்புறம், முதல்ல எந்த ரேக்குல குறையுது, எந்த நேரத்துல குறையுது, ஒரு தடவைக்கு எத்தனை குறையுது, இந்த மூணையும் எண்ணா எழுதுங்க. எண்ணு கையில இருந்தா ஆளு தானா வந்து நிப்பான். என் கதை அதுக்குத்தான்.

சில வருசத்துக்கு முன்னாடி உசிலம்பட்டி தாண்டி எழுமலைப் பக்கம் பால் சொசைட்டிகளுக்கு ஒரு பாக்ஸ் பண்ணிக் குடுத்தோம். பால் எடை போடுற தராசும் கொழுப்பு பாக்குற மெஷினும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியா பாக்ஸ்ல வந்து சேரும், ஆப் அதப் படிச்சு ஊத்துனவங்க பேருல பில்லு அடிக்கும். 512 எம்பி ராம், சிப் கம்பெனி குடுத்த 4.19 கெர்னல். ஆபீஸ்ல மாசக்கணக்கா ஓடுது, ஊருக்குப் போனா ஒம்பது நாள்தான். ஒம்பதாவது நாள் காலைல சரியா பால் ஊத்துற நேரத்துல தொங்கும், செக்ரட்டரி போன் போட்டு "என்னப்பா உங்க டப்பா மறுபடி செத்துருச்சு, கேன் எல்லாம் வரிசைல நிக்குது"ம்பாரு. ஸ்விட்ச்சை அமத்திப் போடுங்கண்ணேன்னு சொல்றது, அடுத்த ஒம்பது நாளுக்கு நிம்மதி.

லாக்ல ஓஓஎம் கில்லர் நம்ம பில்லிங் ஆப்பைக் கொன்னுருந்துச்சு. அதனால ஆப்தான் ஒழுகுதுன்னு முடிவு பண்ணி ஆப்ல லீக் தேடுற டூல் வால்கிரைண்ட்ல போட்டு ரெண்டு வாரம் அலசுனேன், சுத்தமா இருந்துச்சு, அந்த ரெண்டு வாரம் இன்னமும் வயிறு எரியுது. அதுக்கப்புறம்தான் உக்காந்து அந்த ஓஓஎம் மெசேஜை முழுசாப் படிச்சேன். அதுல கொல்லப்பட்டவன் பேரு மட்டும் இல்ல, மொத்த ராமும் எந்தெந்தக் கணக்குல இருக்குன்னு ஒரு பட்டியலே இருக்கும். ஸ்லாப் அன்ரீக்ளைமபிள்னு ஒரு எண்ணு 300 எம்பிக்கு மேல நின்னுச்சு. 512 எம்பி பாக்ஸ்ல.

ஸ்லாப்னா அந்தப் பாத்திரக் கடை ரேக்குதான். கெர்னலுக்கு ராம் 4096 பைட் பேஜா வரும், ஆனா கேக்குறவனுக்கு நூறு பைட்டு இருநூறு பைட்டுத்தான் தேவை, அதுக்குப் போய் முழு பேஜையும் தூக்கிக் குடுக்க முடியாதே, அதனால ஒரே சைஸ் துண்டா வெட்டி ரேக் ரேக்கா அடுக்கி வச்சுக்கிட்டு குடுக்கும். ஜெஃப் பான்விக்னு சன் கம்பெனி ஆளு 1994ல எழுதுன யோசனை, சோலாரிஸ்ல வந்து அங்கிட்டிருந்து எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. லினக்ஸ்ல இப்ப ஓடுறது ஸ்லப்னு ஒரு வகை, கிறிஸ்டோஃப் லாமெட்டர் எழுதுனது, 2007ல 2.6.22ல வந்துச்சு, பழைய ஸ்லாப் கோடை 6.8ல எடுத்தே போட்டாங்க, ஆனாலும் பேரு என்னமோ ஸ்லாப்னுதான் நிக்குது. மெம்இன்ஃபோல இது ரெண்டா இருக்கும், எஸ்ரீக்ளைமபிள்னு கேட்டா திருப்பிக் குடுக்குறது, எஸ்அன்ரீக்ளைம்னு குடுக்கவே குடுக்காதது. ரெண்டாவது ஏறிக்கிட்டே போனா கெர்னல்ல எவனோ வாங்கிட்டு திருப்பிக் குடுக்கலன்னு ஏறக்குறைய முடிவு பண்ணிரலாம்.

எந்த ரேக்குன்னு பாக்க ஸ்லாப்டாப் கமாண்ட் போதும், இல்லன்னா ரூட்டா (முழு அதிகாரத்தோட) போய் ஸ்லாப்இன்ஃபோ ஃபைலைப் படிக்கலாம். எங்களுக்கு கேமல்லாக்-512ங்குற ரேக்குல வெளிய போன துண்டு ஆறு லட்சத்துக்கு மேல காட்டுச்சு. இதுல ஒரு சிக்கல் இருக்கு, கேமல்லாக்-512ங்குறது பொது ரேக்கு, 257ல இருந்து 512 பைட்டு வரைக்கும் எவன் கேட்டாலும் அதுல இருந்துதான் எடுத்துக் குடுக்கும், அதனால பேரை வச்சு ஆளைச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஸ்லப் என்ன பண்ணும்னா தனிப் பேருல இருக்குற ரேக்கைக்கூட சைஸ் ஒத்து வந்தா இன்னொரு ரேக்கோட சேத்துரும், ஸ்லாப் நோமெர்ஜ்னு பூட் லைன்ல (பூட் ஆகுறப்ப கெர்னலுக்குக் குடுக்குற வரில) போட்டாத்தான் தனித்தனியாத் தெரியும். விண்டோஸ்காரங்களுக்கு இந்த விசயத்துல குடுத்து வச்சிருக்கு, அங்க டிரைவர் மெமரி கேக்குறப்ப நாலெழுத்து டேக் ஒண்ணு குடுத்தே ஆகணும், பூல்மான்ங்குற டூல்ல பாத்தா எந்த டேக் ஏறுதுன்னு நேரா தெரிஞ்சுரும்.

சரி, ரேக்கு தெரிஞ்சுருச்சு. ஆபீஸ் பாக்ஸ்ல அதே ரேக்கைப் பாத்தா ஒரு வாரமா அசையவே இல்ல. அதே கெர்னல், அதே ஆப், அதே தராசு. கெர்னல்லயே இருக்குற லீக் தேடுற கருவி கேமெம்லீக் போட்டும் பாத்தேன், ஒண்ணுமே சொல்லல. இங்க தலை சுத்துனதுதான் மிச்சம்.

அப்புறம் புத்தி வந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுனேன், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நேரத்தையும் எஸ்அன்ரீக்ளைமையும் கேமல்லாக்-512 எண்ணிக்கையையும் ஒரு வரியா எழுதி வைக்கும், அம்புட்டுத்தான். அதை ஊருப் பாக்ஸ்ல போட்டுட்டு நாலு நாள் கழிச்சு ஆரப்பாளையத்துல பஸ் ஏறிப் போய் பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்தேன். வர்ற வழில செக்கானூரணில பஸ் நின்னப்ப மடில லேப்டாப்பை வச்சு கிராஃப் போட்டேன். நான் எதிர்பாத்தது என்னன்னா, காலைல ஆறுல இருந்து எட்டு, சாயங்காலம் நாலுல இருந்து ஆறு, கூட்டம் இருக்குற நேரத்துல ஏறும், மத்த நேரம் சும்மா கிடக்கும்னு. கிராஃப் அப்படியே தலைகீழா இருந்துச்சு. பால் ஊத்துற நாலு மணி நேரமும் கோடு தரையோட படுத்துருக்கு, மத்த இருபது மணி நேரமும், சொசைட்டில ஈ காக்கா இல்லாத நடுராத்திரிலயும், ரூல்தடி வச்சு இழுத்த மாதிரி ஏறுது.

அந்த ஏத்தத்தோட எண்ணைப் பாருங்க. அஞ்சு நிமிசத்துக்கு 299, 300, 300, 298, 300. அஞ்சு நிமிசம்னா 300 செகண்டு. செகண்டுக்கு ஒண்ணு! மணிக்கு 3600, இருபது மணி நேரத்துக்கு 72,000, ஒண்ணுக்கு 512 பைட்டுன்னா நாளைக்கு 35 எம்பி, ஒம்பது நாளைக்கு 316 எம்பி. பாக்ஸ் பூட் ஆனதும் கையில இருந்த மெம்அவைலபிள் 320 எம்பி சொச்சம். பஸ்லயே சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்டு ஆளு ஒரு மாதிரி பாத்தாரு. அதுவரைக்கும் கெர்னல்ல எங்கயோ ஒரு ஓட்டைன்னு இருந்தது, இப்போ கேள்வி மாறிருச்சு: பால் ஊத்தாத நேரத்துல இந்தப் பாக்ஸ்ல செகண்டுக்கு ஒரு தடவை வேலை பாக்குறவன் யாரு?

பதில் நாங்களே எழுதுனதுதான். ஆப் தராசைப் பாத்து செகண்டுக்கு ஒரு தடவை "எடை என்ன"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பால் ஊத்துற நேரத்துல தராசு பதில் சொல்லும். வேலை முடிஞ்சதும் செக்ரட்டரி, நல்ல மனுசன், கரண்ட் பில்லு மிச்சமாகட்டும்னு தராசை ஆஃப் பண்ணிட்டுப் போயிருவாரு. அப்ப கன்வெர்ட்டர்ல இருந்து பதிலே வராது, டைம்அவுட். ஆபீஸ்ல நாங்க தராசை ஆஃப் பண்ணதே கிடையாது, அப்புறம் எப்படி ஆபீஸ்ல வரும்.

ஆபீஸுக்கு வந்த உடனே தராசை அமத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன். கேமெம்லீக் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தானா ஸ்கேன் பண்ணும், திரும்பி வந்து பாத்தா புதுசா 590 சொச்சம் லீக் இருக்குற மாதிரி சந்தேகம்னு கத்திக்கிட்டு இருக்கு.

கேமெம்லீக் எப்படி வேலை பாக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா அதை எப்ப நம்பணும் எப்ப நம்பக் கூடாதுன்னு வெளங்கும். கேட்டலின் மரினாஸ் எழுதுனது, 2009ல 2.6.31ல உள்ள வந்துச்சு. பாத்திரக் கடைக்கே வாங்க. வெளிய போன ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சீட்டு எங்கயாவது எவன் சட்டைப் பையிலயாவது இருக்கணும், சீட்டுன்னா இங்க பாயிண்டர். கேமெம்லீக் வெளிய போன மொத்தப் பாத்திரத்துக்கும் ஒரு பட்டியல் வச்சுக்கிட்டு, கெர்னலோட டேட்டா பகுதி, ஸ்டாக்குகள் (ஃபங்ஷன் ஓடுறப்ப தற்காலிகமா வச்சுக்குற இடம்), அப்புறம் சீட்டு கிடைச்ச பாத்திரங்களுக்கு உள்ளன்னு எல்லா இடத்துலயும் கையை விட்டுத் தேடும். எந்தப் பாத்திரத்துக்கு ஒரு இடத்துலயும் சீட்டு இல்லையோ, அதை இனிமே எவனாலயும் திருப்பிக் குடுக்க முடியாது, அது லீக்.

இதுல இருந்தே அதோட பலவீனமும் தெரியும் பாருங்க. சீட்டு இருக்கு, ஆனா திருப்பிக் குடுக்குற எண்ணமே இல்லன்னா? அதாவது ஒரு டிரைவர் ஒரு லிஸ்ட்ல சேத்துக்கிட்டே போகுது, எடுக்கவே மாட்டேங்குது. இல்ல ரெஃபரன்ஸ் எண்ணிக்கைய (எத்தனை பேரு பயன்படுத்துறாங்கங்குற கணக்கை) ஒரு இடத்துல கூட்டிட்டு கழிக்க மறந்துருச்சு. பாயிண்டர் பத்திரமா லிஸ்ட்ல இருக்கு, கேமெம்லீக் எல்லாம் சரிதான்னு சொல்லிரும், ராம் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் ஸ்டாக்குல கிடக்குற ஏதோ ஒரு எண்ணு தற்செயலா பாயிண்டர் மாதிரி இருந்தா அதையும் சீட்டுன்னு நம்பிரும். எதிர்ப்பக்கமும் உண்டு, லீக் இல்லாததையும் லீக்னு சொல்லும், அதனால பூட் ஆகி செட்டில் ஆனதும் முதல்ல க்ளியர்னு எழுதிட்டு, அப்புறம் பிரச்சனைய வரவச்சு, அப்புறம் ஸ்கேன்னு எழுதி என்ன புதுசா வருதுன்னு பாக்குறதுதான் முறை. இன்னொண்ணு, அலாக் பேஜஸ் மூலமா நேரா முழு பேஜா வாங்குறதை அது கணக்குலயே எடுக்காது. இது உங்களுக்குத்தான் முக்கியம் தம்பி, கீழ சொல்றேன்.

சின்ன பாக்ஸ்ல போடுறவங்க இதையும் பாத்துக்கோங்க: கேமெம்லீக் ஒவ்வொரு துண்டுக்கும் தனியா ஒரு குறிப்பு வச்சுக்கும், அதுக்கே ராம் நிறையா வேணும், கிடைக்கலன்னா டிடெக்டர் டிசேபிள்டுன்னு டிமெசேஜ்ல (கெர்னல் லாக்ல) ஒரு வரி எழுதிட்டு அமைதியாப் படுத்துரும், மறுபடி பூட் பண்ற வரைக்கும் எந்திரிக்காது. அந்த வரிய கவனிக்காம லீக்கே இல்லன்னு நினைச்சுராதீங்க. எங்க ஊருப் பாக்ஸ்ல அப்படித்தான் ஆச்சு.

அதனால அதை மட்டும் நம்பாம ஸ்லப் டீபக்கும் போட்டேன். பூட் லைன்ல ஸ்லப் டீபக் சமம் யூ, கமா, கேமல்லாக்-512னு குடுத்தா அந்த ஒரு ரேக்குல மட்டும் யாரு எடுத்தாங்குறத எழுதி வைக்கும். பழைய கெர்னல்ல சிஸ்எஃப்எஸ்ல அலாக் கால்ஸ்னு ஃபைல், புதுசுல டீபக்எஃப்எஸ்ல அலாக் ட்ரேசஸ், ரெண்டும் கெர்னல் தன் தகவலைக் காட்டுற இடம்தான். எந்த ஃபங்ஷன் எத்தனை துண்டு இன்னும் கையில வச்சிருக்கு, அதுக்கு எத்தனை வயசுன்னு காட்டும். வயசுதான் அழகு, நல்ல ஃபங்ஷனா இருந்தா எல்லாம் பூட் ஆன நேரத்து வயசா இருக்கும், இல்ல எல்லாமே இளசா இருக்கும். ஒழுகுறவன்கிட்ட நேத்துப் பொறந்ததுல இருந்து இப்பப் பொறந்தது வரைக்கும் எல்லா வயசும் இருக்கும். கேமெம்லீக்கும் இதுவும் ஒரே ஃபங்ஷனைக் கையைக் காட்டுச்சு, கன்வெர்ட்டர் டிரைவர்ல ஸ்டேட்டஸ் படிக்கிற ஃபங்ஷன். கேமெம்லீக் ரிப்போர்ட்ல காம்னு ஒரு இடத்துல நம்ம பில்லிங் ஆப் பேரும் இருந்துச்சு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது, அது கதவைத் தட்டுன ஆளு, ஒழுக விட்டவன் பேக்ட்ரேஸ்ல, அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்குற பட்டியல்ல, இருப்பான்.

கோடைத் தொறந்தா ரெண்டு நிமிச வேலை. யூஎஸ்பில அனுப்புற பஃபரை ஸ்டாக்குல வைக்கக் கூடாது, டிஎம்ஏவுக்கு (கருவி நேரா ராமைத் தொடுறதுக்கு) ஆகாது, அதனால 320 பைட்டு கேமல்லாக் பண்றாங்க, அதாவது கெர்னல்கிட்ட வாங்குறாங்க, சரி. அப்புறம் கன்ட்ரோல் மெசேஜ் அனுப்புறாங்க. பதில் வந்தா படிச்சுட்டு கேஃப்ரீ பண்ணிட்டுப் போறாங்க, சரி. பதில் மைனஸ்ல வந்தா, அதாவது டைம்அவுட்டுக்கு மைனஸ் 110 வந்தா, அதே இடத்துல ரிட்டர்ன். கேஃப்ரீ கீழ கிடக்கு, அங்கிட்டு போகவே இல்ல. 320 கேட்டா 512 ரேக்குல இருந்துதான் வரும், அந்தக் கணக்கும் ஒத்துப் போச்சு. கெர்னல் லீக்ல நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இந்த ரகம்தான், நல்லாப் போற வழிய எல்லாரும் டெஸ்ட் பண்ணிருப்பாங்க, கெட்டுப் போற வழில ஒருத்தனும் நடந்து பாத்துருக்க மாட்டான்.

வெக்கக்கேடு என்னன்னா, அந்த ரிட்டர்னுக்கு மேல டைம்அவுட்டுன்னு லாக்ல எழுதுற ஒரு வரி இருந்துச்சு, கமெண்ட் ஆகி ஓடாமக் கிடந்துச்சு. யாரு பண்ணதுன்னு கிட் ப்ளேம் போட்டா என் பேரு. லாக் ஃபைல் நிறையுதுன்னு நானே வாயை அடைச்சு வச்சிருக்கேன். அது பேசிருந்தா முதல் நாளே செகண்டுக்கு ஒண்ணுன்னு சொல்லிருக்கும்.

திருத்தம் ஒரு கோட்டூ, அதாவது வேற வரிக்குத் தாவுற கட்டளைதான், பிழை வந்தாலும் கீழ கேஃப்ரீக்குப் போய் வெளிய வர்ற மாதிரி. அப்புறம் யோசிச்சு, செகண்டுக்கு ஒரு தடவை வாங்கித் திருப்புறதே எதுக்குன்னு, டிவைஸ் சொருகுறப்ப ஒரு தடவை வாங்கி உருவுறப்ப ஒரு தடவை திருப்பிக் குடுக்குற மாதிரி மாத்திட்டேன். இப்ப 6.5ல இருந்து கெர்னல்லயே க்ளீனப்னு ஒரு வசதி இருக்கு, வேரியபிள் ஸ்கோப்பை விட்டு வெளிய போனாலே தானா கேஃப்ரீ ஆகும், புது டிரைவர் எழுதுறவங்க அதைப் பழகிக்கலாம். சரி பண்ணிட்டு தராசை ஆஃப் பண்ணியே மூணு நாள் விட்டேன். 2,59,200 தடவை கேட்டு 2,59,200 தடவையும் தோத்துச்சு, பழைய கோடா இருந்தா 126 எம்பி போயிருக்கும், ரேக்குல எண்ணு அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு முப்பது நாப்பது ஆடுச்சு, அம்புட்டுத்தான். ஊர்ல போட்டு ரெண்டு வாரம் கழிச்சு செக்ரட்டரி போன், "என்னப்பா இந்தப் பக்கமே காணோம், கோவமா"ன்னு.

இப்ப உங்க பாக்ஸுக்கு வருவோம். கேமரா ரெக்கார்டர்ங்குறதால உங்க லீக் ஸ்லாப்ல இல்லாம போக வாய்ப்பு இருக்கு. வீடியோ டிரைவரும் நெட்வொர்க் டிரைவரும் பெரிய பஃபரை ரேக்குல கேக்காது, குடோனுக்கே போய் பேஜ் பேஜா தூக்கும், அது எஸ்அன்ரீக்ளைம்ல வராது, மெம்இன்ஃபோல எந்த வரியிலயுமே வராது. கண்டுபிடிக்கிறது கூட்டல் கணக்குலதான். மெம்ஃப்ரீ, பஃபர்ஸ், கேஷ்டு, அனான்பேஜஸ், ஸ்லாப், பேஜ்டேபிள்ஸ், கெர்னல்ஸ்டாக் எல்லாத்தையும் கூட்டி மெம்டோட்டல்ல கழிங்க. ஒரு மிச்சம் வரும், அது இருக்குறது தப்பில்ல, தினம் வளருதாங்குறதுதான் கேள்வி. விமலாக்ங்குற இன்னொரு வழில வாங்குனதைக் காட்டுற விமலாக்யூஸ்டு வரியப் பாக்குறப்ப மட்டும் கெர்னல் வெர்ஷனைக் கவனிங்க, 4.4ல இருந்து 5.3 வர்ற வரைக்கும் அது சும்மா பூஜ்யம்னுதான் காட்டும், பூஜ்யம்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல, அந்தக் கெர்னல்ல விமலாக்இன்ஃபோ ஃபைலைத்தான் படிக்கணும்.

மிச்சம் வளருதுன்னா பேஜ் ஓனர்ங்குற கெர்னல் வசதிதான் வழி. கான்ஃபிக்ல போட்டு கெர்னலைக் கட்டி, பூட் லைன்ல பேஜ் ஓனர் ஆன்னு குடுத்தா ஒவ்வொரு பேஜையும் எந்த வழியா வந்து எவன் எடுத்தான்னு எழுதி வைக்கும். டீபக்எஃப்எஸ்ல அந்த ஃபைலை ஒரு தடவை காப்பி எடுங்க, ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க, கெர்னல் சோர்ஸோடயே பேஜ் ஓனர் சார்ட்னு ஒரு டூல் வரும், அதுல போட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சா எந்த ஸ்டாக் ட்ரேஸ் குண்டாயிருக்குன்னு கண்ணுக்கே தெரியும். உங்களுக்கு 6.10 இல்ல அதுக்கு மேல கெர்னல் இருந்துச்சுன்னா யோகம்தான், 2024ல வந்த மெமரி அலொகேஷன் ப்ரொஃபைலிங்கை ஆன் பண்ணி அலாக்இன்ஃபோ ஃபைலைப் படிச்சா எந்த ஃபைல் எந்த வரி எத்தனை பைட்டு வச்சிருக்குன்னு நேரா சொல்லும், ஸ்லாப், பேஜ் ரெண்டையும் சேத்து. ஆனா சிப் கம்பெனி குடுக்குற கெர்னல்ல அதை எதிர்பாக்காதீங்க.

வெரசா முடிக்கணும்னா இன்னைக்கே அஞ்சு நிமிச ஸ்கிரிப்டைப் போட்டு விட்டுருங்க, மெம்இன்ஃபோ முழுசும் ஸ்லாப்இன்ஃபோ முழுசும் நேரத்தோட. கூடவே பாக்ஸ்ல நடக்குறதையும் எண்ணுங்க: எத்தனை கேமரா கனெக்ட் ஆகி விட்டுப் போச்சு, எத்தனை ஃபைல் ரெக்கார்டிங் முடிஞ்சு மாறுச்சு, மொபைல்ல எத்தனை பேரு லைவ் பாத்தாங்க, எத்தனை தடவை நெட் போய் வந்துச்சு. ஏத்தத்தை எடுத்து இது ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பாருங்க, எதுல மீதி வராம முழு எண்ணா விழுதோ அங்க நில்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆபீஸ்ல உங்க கேமரா எல்லாம் நல்ல கேபிள்ல இருக்கும், வெளிய கடைகள்ல கரண்ட் போய்ப் போய் வரும், ஒவ்வொரு தடவையும் கேமரா விழுந்து எந்திரிக்கும். டேபிள் மேல இருக்குற பாக்ஸுக்கு ஒரு டைமர் ப்ளக் வாங்கி கேமராக்கு மட்டும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கரண்ட் கட் பண்ணிப் பாருங்க, பன்னெண்டு நாள் விசயம் ஒரே ராத்திரில வெளிய வரலாம். அந்த ரெண்டு ஃபைலும் கிடைச்சதும் முதல் நாள் காப்பியும் மூணாவது நாள் காப்பியும் போடுங்க, சேந்து பாப்போம்.